மாமியாரின் மாமியார் யார்?

கேள்வி: நான் கோவையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். கணவர் அமெரிக்கர். அவருடைய அப்பா யூதர், அம்மா கத்தோலிக்கர். கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா வீட்டார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ரிஃபார்ம் என்ற தாராளப் பிரிவின் யூத ஆலயத்தில்தான் வளர்ந்தார், பார் மிட்ஸ்வா என்ற வயதுவரும் சடங்கும் அங்கேதான். இப்போது அவருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. நான் இந்து, மாறும் எண்ணம் இல்லை. நான்கு வயதில் மகள் இருக்கிறாள். கணவருக்கு இஸ்ரேலின் டெல் அவிவில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு குடியேற நினைக்கிறோம். எங்கள் மகள் யூதப் பெண்ணா, இல்லையா? தெரிந்தவர் ஒருவர், மூன்று மாதத்தில் மூன்று பேருக்கும் மதமாற்றச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்கிறார். 4,500 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. முதல் தவணை கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதோடு நிறுத்துங்கள். உங்கள் குடும்பத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. இருந்தால்தான் தொல்லை.

குடியேற்றக் காகிதங்களோடு மல்லுக்கட்டுவது என் தொழில். "இவர் யூதரா?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரிடம் போய், எதற்காகக் கேட்கப் போகிறீர்கள்? விசாவுக்கா, கல்யாணத்துக்கா, வெள்ளிக்கிழமை இரவு ஆலயத்தில் உட்காரவா? ஒவ்வொரு கவுன்டரிலும் ஒவ்வொரு பதில். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நிலைமை அதுதான்.

முதலில் விசா. யூதர்கள் இஸ்ரேலில் குடியேற வழிசெய்து 1950இல் அங்கே வந்த 'திரும்பி வரும் உரிமைச் சட்டம்' யார் யூதர் என்று சொல்லாமலே இருபது வருடம் ஓடியது. பிறகு கடற்படை அதிகாரி பெஞ்சமின் ஷாலித் வழக்குப் போட்டார். மனைவி யூதர் அல்ல. பிள்ளைகளை யூத இனத்தவர் என்று பதிய வேண்டும் என்று கேட்டு 1970 ஜனவரியில் ஜெயித்தார். மதக் கட்சிகள் கொதித்தன. இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அது ஒரு விசித்திரமான சமரசம். யூதர் என்றால் யூதத் தாய்க்குப் பிறந்தவர், அல்லது மதம் மாறி யூதரானவர், அவர் வேறு மதத்தில் இருக்கக் கூடாது என்று வரையறையைக் குறுக்கினார்கள். கையோடு, குடியேறும் உரிமையை யூதரின் பிள்ளைக்கும், பேரப்பிள்ளைக்கும், இவர்கள் எல்லோருடைய கணவன் மனைவிக்கும் விரித்துவிட்டார்கள். பட்டம் கிடையாது, பந்தி உண்டு என்கிற மாதிரி.

இதில் உங்கள் வீட்டைப் பொருத்திப் பாருங்கள். கணவர் யூதரின் பிள்ளை. நீங்கள் யூதருடைய பிள்ளையின் மனைவி. மகள் யூதரின் பேத்தி. மூவருக்கும் உரிமை உண்டு. நீங்கள் கந்த சஷ்டி கவசம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. படிவத்தில் மதம் என்ற இடத்தில் இந்து என்றே எழுதுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு பெண்மணியின் தலையில் நிற்கிறது: உங்கள் மாமனாரின் அம்மா, அதாவது உங்கள் மாமியாரின் மாமியார். அவர் யூதராக இருந்தால்தான் சட்டப்படி மாமனார் யூதர். அவர் யூதரில்லை, மாமனாரின் அப்பா மட்டும்தான் யூதர் என்றால் எல்லாம் ஒரு படி இறங்கிவிடும். கணவர் பேரன் ஆகிவிடுவார். அவருக்கும் உங்களுக்கும் உரிமை இருக்கும். மகள் கொள்ளுப்பேத்தியாகிவிடுவாள். சட்டத்தில் கொள்ளுப்பேத்திக்குத் தனி உரிமை கிடையாது. இடைத்தரகர் இந்தக் கேள்வியைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். அவருக்குத் தேவை உங்கள் பணம், உங்கள் வம்சாவளி அல்ல.

இனி ஞானஸ்நானம். இதைச் சொல்லித்தான் உங்களைப் பயமுறுத்தியிருப்பார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யூதராக இருந்து, தன் விருப்பத்தோடு வேறு மதத்துக்குப் போனவருக்கு இந்த உரிமை இல்லை என்று சட்டம் சொல்வது உண்மைதான். இதற்கு வேர் ஓஸ்வால்ட் ருஃபைசன் வழக்கு. போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் தன் அடையாளத்தை மறைத்து, மீர் என்ற ஊரில் ஜெர்மன் போலீஸுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1942இல் அங்கிருந்த யூதர்களைக் கொல்லப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லி, நூற்றுக்கணக்கானவர்களைத் தப்பிக்க வைத்தார். பிறகு ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார், பின்னாளில் துறவியானார். இஸ்ரேல் வந்து, நான் யூதன், எனக்கு உரிமை கொடுங்கள் என்றார். 1962இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. வேடிக்கை என்னவென்றால், யூத மதச் சட்டத்தின் கண்ணில் அவர் அப்போதும் யூதர்தான். பாவம் செய்தாலும் இஸ்ரேலன் (அதாவது யூதன்) இஸ்ரேலனே என்பது யூத மத நூலான தல்மூத்தின் வாக்கு. மதச் சட்டம் விடாமல் பிடித்துக்கொண்டவரை மதச்சார்பற்ற நீதிபதிகள் வெளியே நிறுத்தினார்கள். அப்புறம் சாதாரணக் குடியுரிமை வழியில் குடிமகனாகி, ஹைஃபா மடத்தில் 1998இல் சாகும்வரை இருந்தார்.

உங்கள் கணவர் கதை அது அல்ல. கத்தோலிக்கத் தாய்க்குப் பிறந்தவர் சட்ட வரையறைப்படி யூதராக இருந்ததே இல்லை; இல்லாத ஒன்றை விட்டுப் போக முடியாது. அதோடு, கைக்குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீரை யாரும் 'சொந்த விருப்பம்' என்று சொல்ல மாட்டார்கள். 1989இல் இயேசுவை மெசியாவாக ஏற்ற, யூதத் தாய்க்குப் பிறந்தவர்களை நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2008இல் அதே நம்பிக்கை கொண்ட, அப்பா வழியில் மட்டும் யூதத் தொடர்பு உள்ளவர்களுக்குக் கதவு திறந்தது. அம்மா வழி என்றால் மாட்டிக்கொள்வாய், அப்பா வழி என்றால் தப்பித்துக்கொள்வாய்! இதற்கு என்னிடம் நியாயம் கேட்காதீர்கள். ஞானஸ்நானத்தை மறைக்கவும் வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள். மறைத்துப் பிடிபட்டால்தான் ஆபத்து.

கணவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாதது? யாரும் கேட்க மாட்டார்கள். டெல் அவிவில் நாத்திக யூதர்களுக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது மகள். ரிஃபார்ம் பிரிவின் அமெரிக்க ரப்பிகள், அதாவது யூத மத குருமார்கள், 1983இல் ஒரு தீர்மானம் போட்டார்கள்: தாயோ தந்தையோ ஒருவர் யூதராக இருந்து, பெயர் சூட்டுவது, வேதமான தோராவைப் படிப்பது, ஆணுக்குப் பார் மிட்ஸ்வா, பெண்ணுக்குப் பாத் மிட்ஸ்வா என்று பிள்ளையை யூதராக வளர்த்தால் பிள்ளை யூதர். அந்தக் கணக்கில் உங்கள் கணவர் யூதர். மகளை அப்படி வளர்த்தால் அவளும் யூதப் பெண். நடுவழியில் நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவு இதை ஏற்காது, முறைப்படி மாற வேண்டும் என்பார்கள். பழைய முறையை விடாத ஆர்தடாக்ஸ் பிரிவும் ஏற்காது, அங்கே நிபந்தனை இன்னும் கடுமை. தாய் இந்துவாகவே இருக்கும் வீட்டுக் குழந்தையை மாற்றிக்கொள்ள அவர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

இஸ்ரேலில் அவள் குடியுரிமை பெறுவாள், அரசுப் பள்ளியில் படிப்பாள், வயது வந்தால் ராணுவத்துக்கும் அழைப்பு வரும். ஆனால் பதிவேட்டில் யூதர் என்று இருக்காது. இப்படிச் சட்டப்படி குடியேறியும் யூதராகப் பதிவாகாதவர்கள் அங்கே 4 லட்சத்துக்கும் மேல். அவள் தனி ஆள் அல்ல. சிக்கல் வருவது கல்யாணத்தில். இஸ்ரேலுக்குள் சிவில் திருமணம் கிடையாது. 1953 சட்டப்படி யூதர்களின் கல்யாணமும் விவாகரத்தும் ரப்பி நீதிமன்றத்தின் கையில். அவர்கள் உங்கள் மகளுக்கு நடத்திவைக்க மாட்டார்கள். சைப்ரஸுக்கு விமானம் ஏறி, லார்னகாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அதே அரசு மறுபேச்சில்லாமல் பதிந்துகொள்ளும். ஒரு மணி நேரப் பறத்தலில் தீரும் பிரச்சினையை இத்தனை வருடமாக யாரும் தீர்க்கவில்லை. போகட்டும், மகளுக்கு நான்கு வயதுதான்.

பெரியவளான பிறகு அவளே விரும்பி மாறினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் மதமாற்றங்கள் இஸ்ரேலுக்குள்ளேயே நடந்தாலும் குடியுரிமைக்குச் செல்லும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைமை ரப்பி அலுவலகம் இன்னும் ஏற்கவில்லை. அங்கே ரப்பி நீதிமன்றங்கள் சில சமயம் ஆர்தடாக்ஸ் சான்றிதழையே தள்ளிவிடும். 2016இல் நியூயார்க்கின் பெரிய ஆர்தடாக்ஸ் ரப்பியான ஹாஸ்கல் லுக்ஸ்டீன் மாற்றிய ஒருவரை பெத்தா திக்வா ரப்பி நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அவர் கையெழுத்துக்கே அந்த மரியாதை. உங்கள் தெரிந்தவரின் மூன்று மாதச் சான்றிதழை எங்கே வைப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தத் தரகர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஊர் தெரியாத 'ரப்பி', இணையத்தில் ஆறு வகுப்பு, தங்க முத்திரை போட்ட காகிதம். உள்துறை அமைச்சகம் முத்திரையைப் பார்ப்பதில்லை. எந்தச் சமூகத்தில், எவ்வளவு காலம் படித்தீர்கள், மாறிய பிறகு அவர்களோடு இருந்தீர்களா என்று குடைவார்கள். பிறப்பாலேயே உரிமை உள்ள உங்கள் கணவர் இந்தக் காகிதத்தை நீட்டினால், சுத்தமான கோப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டவர் ஆவார். பொய்த் தகவல் தந்து வாங்கிய குடியுரிமையைப் பிறகு ரத்து செய்யவும் முடியும். எச்சில் மாதிரியை அனுப்பி '48 சதவீதம் யூதர்' என்று வாங்கும் மரபணு முடிவும் வேண்டாம். அவர்கள் கேட்பது காகிதம்.

எந்தக் காகிதம்? வம்சத்தைக் காட்டும் பிறப்பு, திருமணச் சான்றுகள், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு. குற்றப் பின்னணி இல்லை என்ற எஃப்.பி.ஐ. சான்று. முக்கியமாக, மாமனார் குடும்பம் யூதக் குடும்பம் என்று அங்கீகரிக்கப்பட்ட ஒரு ஆலயத்தின் ரப்பி தரும் கடிதம். அதற்குத் துணையாக மாமனாருடைய பெற்றோரின் கேத்துபா, அதாவது திருமண ஒப்பந்தம். கல்லறைப் படமும் உதவும். யூதக் கல்லறையில் மேலே பெரும்பாலும் பே, நூன் என்று இரண்டு எபிரேய எழுத்து இருக்கும், 'இங்கே அடக்கம்' என்பதன் சுருக்கம். கீழே எபிரேயப் பெயரும் தகப்பன் பெயரும். அந்தப் பெயரும் ஆங்கிலச் சான்றிதழ்ப் பெயரும் ஒத்துப்போகாது, தயாராக இருங்கள். நான் பார்த்த ஒரு கோப்பில் கல்லில் 'மோஷே', சான்றிதழில் 'மோரிஸ்'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் கவுன்டருக்கு ஐந்து முறை நடந்தோம். அங்கே இருந்தவருக்கும் அது தெரியும். ஆனால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லையாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. குடியேறியவராகப் பதிந்து இஸ்ரேலியக் குடியுரிமை வந்துவிட்டால், 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி உங்கள் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கணவருக்கும் மகளுக்கும் அமெரிக்கா அப்படிக் கெடுபிடி செய்யாது. நீங்கள் மட்டும் குடியுரிமை வேண்டாம் என்று அறிவிக்கச் சட்டத்தில் வழி உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. அல்லது திரும்பி வரும் உரிமை உள்ளவர்களுக்கான ஏ-1 தற்காலிக விசாவில் போய் இருந்து பார்க்கலாம். இந்தக் குடியேற்றத்தைக் கவனிக்கும் யூத முகமையில் விண்ணப்பம் கொடுக்கும்போதே இதைப் பேசுங்கள், விமானம் ஏறிய பிறகு அல்ல. பேரப்பிள்ளை உரிமையை நீக்கச் சொல்லி 2022 முடிவில் அமைந்த கூட்டணியின் சில கட்சிகள் குரல் கொடுத்தன. அதனால் ரொம்ப நாள் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இன்றைக்கே மாமனாருக்குப் போன் போட்டு, அவருடைய அம்மாவின் கேத்துபா எங்கே என்று கேளுங்கள். ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தால் கழற்ற வேண்டாம். கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் அடிக்காமல் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.