சாயல்குடிப் பக்கம் 3 ஏக்கர்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். அடுத்த வருடம் ஊர் திரும்பி விவசாயம் செய்ய எண்ணம். ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிக்குப் பக்கத்தில், கடலில் இருந்து 3 கிலோமீட்டரில், 3 ஏக்கர் புஞ்சை மலிவாக வருகிறது. முழுக்கச் சீமைக்கருவேலம், ஓரத்தில் கொஞ்சம் பனை. 40 அடியில் நல்ல தண்ணீர் என்கிறார் தரகர். போன கோடையில் பக்கத்து நிலம் தீப்பிடித்து எரிந்ததாகவும் கேள்விப்பட்டேன். மிளகாய், தென்னை போட ஆசை. வாங்கலாமா?

பதில்: தண்ணீரில் தொடங்குகிறேன். அது சரியில்லை என்றால் மற்றதைப் பேச வேண்டிய அவசியமே வராது.

தரகர் சொன்ன 40 அடி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கடலோர மணற்பாங்கில் கீழே இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது இருக்கும் என்பது கணக்கு. இந்தக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். மோட்டார் போட்டு மேலே ஓர் அடி குறைத்தால், அடியில் உப்பு அதே 40 அடி ஏறி வரப் பார்க்கும். தை மாதம் குடிக்க இனிக்கும் போர்க்கிணறு ஆனியில் கரிப்பது இதனால்தான். சரி, இன்னும் ஆழமாகப் போடலாமே என்று 200 அடிக்கு இறங்குவது இங்கே சூதாட்டம். மணல் நிலத்தில் ஆழமில்லாத அகலமான கிணறு வெட்டி, தினமும் கொஞ்சமாக இறைப்பதே பாதுகாப்பு.

அதனால் நிலத்தை ஆனி, ஆடியில் போய்ப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அதற்கப்புறம் வரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடியுங்கள். முதலில் வரும் தண்ணீர் ஏமாற்றும். பரிசோதனையில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் (EC) மீட்டருக்கு 1 டெசிசீமென்சுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் தென்னை ஓரளவு தாங்கும், மிளகாய் தாங்காது. மண்ணையும் மேலே அரை அடியில் ஒன்று, இரண்டு அடியில் ஒன்று என இரண்டு மாதிரியாக எடுங்கள். பரமக்குடியில் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. உங்களைப் போன்ற கேள்விகளுக்காகவே இருக்கும் இடம் அது, கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். தரையில் வெள்ளையாக உப்புப் பூத்து, உவர் நிலத்தில் வளரும் உமரிச் செடி படர்ந்திருந்தால் பரிசோதனைக்குக்கூடச் செலவு செய்யாமல் திரும்பிவிடலாம். பக்கத்தில் இறால் பண்ணை இருந்தாலும் அப்படித்தான்.

என் தீர்மானமான கருத்து, இந்தக் கரையில் போரை நம்பி நிலம் வாங்கக் கூடாது, மழையை நம்பித்தான் வாங்க வேண்டும். இந்த மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வந்து விழுந்துவிடும். ஓர் ஏக்கரில் விழுவது மட்டும் 32 லட்சம் லிட்டர். 100 அடிக்கு 100 அடி, 5 அடி ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை சுமார் 14 லட்சம் லிட்டர் பிடிக்கும். அடியில் களிமண் இருந்தால்தான் நிற்கும், மணல் என்றால் தார்ப்பாய் விரிக்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் பெரும்பாலும் மானாவாரியாகவே விளைகிறது. அதனால் மிளகாய்க்கு வழி உண்டு. தென்னையை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். ஒரு கோடையில் தண்ணீர் கரித்தால் ஐந்து வருட உழைப்பு போய்விடும்.

அப்புறம் தீ. இதைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும், நிலம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. மழைக்குப் பின் முளைத்த புல் மாசிக்குள் காய்ந்துவிடும். வெட்டிப் போட்ட கருவேல முள்ளும், மரத்திலேயே தொங்கும் பனங்காவோலையும் அதோடு சேரும். கரிமூட்டத்தில் இருந்தோ, பருத்திமார் எரிக்கும் வயலில் இருந்தோ, தாழத் தொங்கும் மின்கம்பிகள் உரசியோ ஒரு பொறி போதும். மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி, ஆடியில் நமக்கு வருவது வறண்ட காற்று மட்டும்தான். ஆகவே உங்கள் நிலத்துக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் யாருடைய நிலம், அதில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். அங்கே வெளியூர்க்காரர் வாங்கிப் போட்டுவிட்டுப் போன முள்காடு இருந்தால், விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

வாங்கிய பிறகு கருவேலத்தை அங்கேயே போட்டு எரிக்காதீர்கள். கரி போடுகிறவர்களிடம் விட்டால் அவர்களே வெட்டி எடுத்துக்கொள்வார்கள். மழை ஈரம் இருக்கும்போதே பொக்லைன் வைத்துத் தூரைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். பங்குனியில் நாலு பக்கமும் 15 அடிக்குப் புல் இல்லாமல் உழுது போடுங்கள். சதுரமான 3 ஏக்கரில் இதற்குக் கிட்டத்தட்ட அரை ஏக்கர் போகும். மனம் கேட்காதுதான். ஆனால் அதையே வண்டிப்பாதையாக வைத்துக்கொள்ளலாம், தீயணைப்பு வண்டி உள்ளே வரவும் அது வேண்டும். பனைகளை வெட்டாதீர்கள், காவோலையை மட்டும் வருடா வருடம் கழித்துவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயும் குட்டைத் தார்ப்பாயும் தீயில் முதலில் உருகுகிறவை. அவற்றின் அருகே சருகு சேரவிடாதீர்கள்.

பத்திரத்தில், நம் பக்கம் பெரிய சிக்கல் கூட்டுப் பட்டா. பங்காளிகளில் ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில் இருப்பார். அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள், அவர் இறந்தால் பவரும் முடிந்தது. 30 வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேடு ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பஞ்சமி நிலமோ, கோயில் நிலமோ, வக்ஃபு நிலமோ என்றால் விலகிவிடுங்கள். நில அளவை வரைபடமான புலப்படத்தில் பாதை இருக்கிறதா, கண்மாய்க்குத் தண்ணீர் போகும் வரத்துக்கால் குறுக்கே ஓடுகிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வருவது வேறு. நீங்கள் வேலையை விட்டு நிரந்தரமாக ஊர் திரும்பிய பின்பே உங்கள் பெயரில் கிரயம் செய்ய முடியும். இங்கேயே வசிக்கும் மனைவி பெயரில் வாங்க நினைத்தால், பணம் அனுப்பும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள். எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள். அதற்குள் உறவினர் ஒருவரை அனுப்பி, ஆடியில் தண்ணீரையும் கார்த்திகையில் வெள்ளம் எங்கே தேங்குகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அட்வான்ஸ் வேண்டாம்.