எமரி போட்டுத் தேய்த்தும் பிரைமர் விலகுவது ஏன்?

கேள்வி: புது இரும்பு பைப்பில் செய்த கேட். 120 நம்பர் எமரி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தேன். அங்கங்கே வட்ட வட்டமாக விலகி இரும்பு தெரிகிறது. 60 நம்பர் போட்டு இன்னும் சொரசொரப்பாக்கினால் பிடிக்குமா?

பதில்: பிடிக்காது, வேலைதான் கூடும். சொரசொரப்பு பரப்பின் குணத்தை மாற்றாது, இருக்கிற குணத்தைப் பெருக்கிக் காட்டும். 1936-இல் வென்சல் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கு இது: மேடுபள்ளத்தோடு சேர்த்த உண்மைப் பரப்பு, தட்டையான பரப்பைப் போல் 1.5 மடங்கு என்று வையுங்கள். வழவழப்பாக இருந்தபோது விளிம்பு பரப்போடு 60 பாகைக் கோணத்தில் உட்கார்ந்த தண்ணீர்த் துளி இப்போது 41 பாகைக்குப் படிந்து பரவும். மெழுகு போன்ற பரப்பில் 110 பாகையில் நின்ற துளியோ 121-க்கு ஏறி இன்னும் உருண்டையாகத் திரளும்.

உங்கள் கேட்டில் பெரும்பாலும் எண்ணெய்தான் சிக்கல். புது பைப்பில் துருப்பிடிக்காமலிருக்க ஆலையிலேயே எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதைத் துடைக்காமல் எமரி போட்டால் எண்ணெய் போகாது, கீறல்களுக்குள் இறங்கிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத படலம் போதும். அந்தப் புள்ளியில் பெயின்டின் பரப்பு இழுவிசை குறைந்துவிடும், இழுவிசை கூடுதலாக உள்ள சுற்றுப்புறம் பெயின்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த வட்டம் அதுதான். கீல் சத்தத்துக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே பட்டிருந்தால் இன்னும் மோசம்.

60 நம்பரில் வேறொரு வம்பும் உண்டு. அதன் மணல் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், 120-இல் அதில் பாதி. ஈரமாக இருக்கும்போதே பிரைமர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிந்துவிடும். ஒரு கோட் காய்ந்தால் சுமார் 30, 40 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ஆழமான கீறலின் விளிம்பில் அதுவும் நிற்காது. பிறகு துரு புள்ளி புள்ளியாக முதலில் எட்டிப் பார்ப்பது அந்த விளிம்புகளில்தான்.

முதலில் எண்ணெய், பிறகு எமரி. வெள்ளைப் பருத்தித் துணியை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான) தின்னரில் நனைத்துத் துடையுங்கள், அது ஆவியாகும் முன்பே இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஆறவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே மறுபடி படியும். துணியில் கறை வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவே பிசுக்கு விடும். பக்கத்தில் வெல்டிங், பீடி கூடாது.

அடுத்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை நிமிஷம் உடையாமல் ஒரே படலமாக நின்றால் சுத்தம். துளித்துளியாகத் திரண்டால் மறுபடி தின்னர். இந்தச் சோதனையை எமரி போடும் முன்பே செய்யுங்கள்: தேய்த்த பிறகு கீறல்களே தண்ணீரை இழுத்துப் பிடித்து, லேசான பிசுக்கை மறைத்துவிடும். சோப்பு மிச்சமிருந்தாலும் தண்ணீர் பொய்யாகப் பரவும், அதனால் நன்றாக அலசிவிட்டுப் பாருங்கள். உடனே துடைத்துக் காயவைத்து, 120 போட்டு, தூசியைத் தின்னர் துணியால் எடுத்துவிட்டு அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே விலகிய இடங்களின் மேலேயே இன்னொரு கோட் இழுக்காதீர்கள். காய்ந்ததும் அந்த வட்டத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம் இரும்புவரை சுரண்டி, தின்னரிலிருந்து ஆரம்பியுங்கள்.