வேலையாளிடம் கொடுத்த சம்மன் செல்லுமா?

நீங்கள் வெளியூரில் இருக்கும்போது நீதிமன்ற ஊழியரான அமீனா உங்கள் வீட்டு வேலையாளிடம் சம்மனைக் கொடுத்துப் போக, நீங்கள் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்ச) தீர்ப்பும் ஆகிவிட்டது என்கிறீர்கள். பதறாதீர்கள், வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 5 விதி 15-இன்படி, உங்களோடு வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம்தான் கொடுக்கலாம். வேலையாள் குடும்ப உறுப்பினர் அல்ல என்று அந்த விதியின் விளக்கமே சொல்கிறது. முதலில் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு அமீனாவின் அறிக்கையை வாங்குங்கள். அதில் யார் கையெழுத்து என்பதுதான் உங்கள் பலம்.

பிறகு அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு கட்டளை 9 விதி 13-இல் மனு. முறைப்படி சார்வு (சம்மன் சேர்ப்பிப்பு) ஆகாதபோது, தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். நாளைக் கடத்தாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: வேலையாள் போனில் வாய்தா தேதியைச் சொல்லியிருந்து, வர நேரமும் இருந்திருந்தால், சார்வில் குறை என்பதற்காக மட்டும் தீர்ப்பை ரத்து செய்ய மாட்டார்கள். அதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.