கணினி அறிவியல் முடித்துவிட்டு டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் படிக்கலாமா?

படிக்கலாம். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு நானும் அந்தப் பக்கம்தான் போனேன். பெயரைச் சொன்னதும் எங்கள் மாமா, "மானுடவியலா? பழங்குடி ஆராய்ச்சியா?" என்றார். அது வேறு. இது இலக்கியம், வரலாறு, மொழி இவற்றைக் கணினி கொண்டு ஆராய்வது. புதிதும் இல்லை. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்) செய்ய, ரொபெர்த்தோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார் 1949இலேயே ஐபிஎம் நிறுவனத்தின் உதவியைக் கேட்டுப் போய்விட்டார்.

'கோடிங் தெரியும், மீதி சுலபம்' என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். முதல் செமஸ்டரிலேயே மூக்குடைபட்டேன். பழைய பாடல் கோப்பு ஒன்றில் 'கொடி' எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னார்கள். பைத்தானில் நாலு வரி எழுதினேன். விடை பூஜ்யம். திரையிலோ கொடி கண்ணெதிரே இருக்கிறது! இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது. யூனிகோடில் 'கொ'வுக்கு ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் போடலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் போடலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், கணினி வேறு வேறாக எடுத்துக்கொள்ளும். நார்மலைஸ் செய்ததும், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றியதும், சரியாகிவிட்டது.

ஓலைச்சுவடியைப் படிக்கும் சிக்கல் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள், கொம்பில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, ரகரமும் துணைக்காலும் ஒரே உரு. அப்படியானால் அங்கே இருப்பது கொடியா, கோடியா, 'கெரடி'யா? கெரடியைத் தள்ளிவிடலாம். மற்ற இரண்டுக்கும் யாப்பு தெரிய வேண்டும். கொடி நிரையசை, கோடி நேர்நேர். எது வந்தால் தளை தட்டாது என்று பார்க்க வேண்டும். அப்புறம், வேண்டாமென்று விட்ட சொல்லையும் தொலைக்காமல் டிஇஐ முறையில் குறியிட வேண்டும் (நூல்களைக் கணினியில் குறியிட்டு வைக்க 1987இல் தொடங்கிய பொது முறை இது). என் வகுப்பில் இதைச் சட்டென்று செய்தவர் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்தவர், நான் இல்லை.

வேலை? இந்தப் பட்டத்தின் பெயரைப் போட்டு வரும் விளம்பரம் அபூர்வம். ஆவணக் காப்பகம், நூலகம், மொழித் தொழில்நுட்பம் என்று தேடிப் போக வேண்டும். என் சம்பளம் சாஃப்ட்வேர் நண்பர்களுடையதைவிடக் குறைவுதான்.

ஐஐடி ஜோத்பூர், லண்டன் கிங்ஸ் கல்லூரி போன்ற இடங்களில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு நூலை இறக்கி, ஏதாவது ஒரு சொல்லை எண்ணிப் பாருங்கள். பிறகு அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கையால் எண்ணுங்கள். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேட ஆசை வந்தால் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.