துலூஸில் வாத்து சாப்பிடப் போகிறவர்களுக்கு: கேள்விகளும் என் பதில்களும்

பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கும் துலூஸ் நகரத்துக்கு நான் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதில் நாலு வருடம் வாத்தையே பிரதானமாகச் சமைக்கும் ஒரு சின்ன உணவகத்தில் வேலை. பாத்திரம் கழுவப் போனவன் அடுப்புவரை ஏறிவிட்டேன். அந்தத் தைரியத்தில்தான் பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து: பிரெஞ்சு உணவகம் என்றாலே பர்ஸ் நடுங்குகிறது அண்ணா. அதிலும் வாத்து! நம்மால் முடியுமா?

முடியும். பாரிஸில் டூர் தார்ஜான் மாதிரி, 1890லிருந்து ஒவ்வொரு வாத்துக்கும் எண் போட்டுப் பரிமாறும் இடங்கள் நமக்கு வேண்டாம். இங்கே தென்மேற்கில் வாத்தைக் கொழுக்க வளர்ப்பதே ஈரலுக்காக. பெரிய காசு அந்த ஈரலில்தான். தொடை, கழுத்து, இரைப்பை, கொழுப்பு எல்லாம் மிச்சம். எதையும் தூக்கிப் போட மனசு வராத பண்ணை வீட்டுப் பெண்கள் அந்த மிச்சத்தை வைத்து உண்டாக்கிய சமையல் இது. மலிவான வாத்துக் கடைகள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன.

மதியம் போங்கள். வாசல் பலகையில் ‘ஃபோர்முல்’ என்று எழுதியிருப்பார்கள். இரண்டு உருப்படி ஏறக்குறைய 15 முதல் 20 யூரோ. ‘ஆந்த்ரே’ என்றால் முதலில் வரும் சிறு தட்டு, ‘ப்ளா’தான் முக்கியச் சாப்பாடு. தண்ணீருக்கு ‘கராஃப் தோ’ என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். ரொட்டிக்குக் காசில்லை. சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். டிப்ஸ் உங்கள் இஷ்டம்.

கோவையிலிருந்து: முதல் தடவை என்ன சொல்லலாம்?

கண்ணை மூடிக்கொண்டு கோன்ஃபி சொல்லுங்கள். தொடையை ஒரு ராத்திரி உப்பில் ஊறவைத்து, கழுவித் துடைத்து, வாத்துக் கொழுப்பிலேயே இரண்டு மூன்று மணி நேரம் வேகவைப்பார்கள். கொதிக்கவே கூடாது, 90 டிகிரிக்குக் கீழேதான். பிறகு அதே கொழுப்பு மூடி உறைய, மாதக்கணக்கில் கெடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்து வித்தை. நம் ஊரில் வெயில் இருந்தது, உப்புக்கண்டம் போட்டோம். இவர்களுக்குக் கொழுப்பு இருந்தது.

மலிவான இடத்தில் கோன்ஃபியை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. வேலை முந்தின நாளே முடிந்துவிடும். நீங்கள் வந்ததும் தோலை மொறுமொறுவென்று சுட்டால் போதும். கூட்ட நேரத்தில் புதுப் பையன் அடுப்பில் நின்றாலும் கெடுப்பது கஷ்டம். நானே அந்தப் பையனாக இருந்திருக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து: மக்ரே கேட்டேன், உள்ளே சிவப்பாக வந்தது. திருப்பி அனுப்பினேன். சரிதானே?

தப்பு ஐயா! மக்ரே என்பது ஈரலுக்காகக் கொழுத்த வாத்தின் மார்புக் கறி. முன்பு அதையும் கோன்ஃபியாகத்தான் போட்டார்கள். 1950களின் கடைசியில் ஓஷ் நகரத்தில் அந்த்ரே தகேன் என்ற சமையல்காரர் மாட்டு ஸ்டேக் மாதிரி வாட்டிப் பரிமாற ஆரம்பித்தார். அதிலிருந்து வந்த பழக்கம். கோழி மார்பு போல வெளுத்த தசை அல்ல இது, சிவப்புத் தசை. கசிவது ரத்தமும் அல்ல, தசையின் நிறமி கலந்த நீர். முழுக்க வேகவைத்தால் செருப்புத் தோல்தான். வந்த புதிதில் நானும் ‘பியேன் குயி’, அதாவது நன்றாக வேகட்டும் என்று கேட்டு, தாடை வலிக்க மென்றிருக்கிறேன். ‘ரோசே’ என்று கேளுங்கள். இளஞ்சிவப்பே ஆகாது என்றால் மக்ரே பக்கம் போகாமல் கோன்ஃபிக்குத் திரும்பிவிடுங்கள்.

காயல்பட்டினத்திலிருந்து: பன்றி கலந்திருக்குமா?

கோன்ஃபியில் வாத்தும் உப்பும் கொழுப்பும்தான். கசுலே என்ற வெள்ளை பீன்ஸ் சட்டியில் பன்றியும் சாசேஜும் நிச்சயம். சாலட்டில் பொடிப்பொடியாகக் கிடப்பது ‘லார்தோன்’, அதுவும் பன்றி. ஹலால் வேண்டுமென்றால் வாத்தையும் நம்பாதீர்கள். சாதாரண உணவகத்தில் இருக்காது.

மதுரையிலிருந்து: மனைவி சைவம்.

சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் இருக்கும், லார்தோன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கில்தான் ஆபத்து. இங்கே அதை வாத்துக் கொழுப்பிலேயே வறுப்பார்கள். பூண்டு, பார்ஸ்லி தூவி அப்பாவி போல வரும்.

சென்னையிலிருந்து: வாத்துக்குக் குழாய் வைத்துத் தீனி திணிக்கிறார்களாமே? எப்படிச் சாப்பிட மனசு வருகிறது?

உண்மைதான். கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள் மக்காச்சோளத்தைக் குழாய் வழியாக இரைப்பை நோக்கி இறக்குவார்கள். பிரான்ஸ் 2006ல் ஃபுவா கிராவை, அதாவது இந்தக் கொழுத்த ஈரலை, தன் பாரம்பரியச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. இந்தியா 2014ல் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. நான் ஈரல் சாப்பிடுவதில்லை. ஆனால் முதலில் சொன்னேனே, மலிவான தொடையும் பெரும்பாலும் அந்த ஈரல் வியாபாரத்தின் மிச்சம். ஈரலைத் தொடவில்லை என்று நான் மார்தட்டிக்கொள்ள முடியாது. உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் மெனுவில் ‘கனெத்’ என்று தேடுங்கள். அது கொழுக்க வைக்காத இளம் பெட்டை வாத்து. மக்ரே என்ற பெயரோ கொழுத்த வாத்துக்கு மட்டும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து: பாரிஸில் தம்பி வீட்டுக்கு வாறன். அங்கை மலிவா தாரா இறைச்சி சாப்பிட இடம் இருக்கோ?

இருக்கு அண்ணை. வாத்துக்கென்றே இல்லை, ஆனால் 1896லிருந்து நடக்கிற பூய்யோன் ஷார்த்தியே என்ற உணவகத்தில் கோன்ஃபி கிடைக்கும். பில்லை மேசை விரிப்புக் காகிதத்திலேயே எழுதுவார்கள். வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள்.

சேலத்திலிருந்து: டின்னில் அடைத்த கோன்ஃபி வாங்கலாமா?

தாராளமாக. பல உணவகங்களே டின்னைத்தான் திறக்கின்றன. அங்கேயே செய்ததா என்று பார்க்க மெனுவில் கூரை போட்ட சட்டிச் சின்னத்தைத் தேடுங்கள், 2014லிருந்து இருக்கிறது. வீட்டில் டின் திறந்தால் கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள், உருளைக்கிழங்கு வறுக்க அதைப் போல வராது. ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோய் பருப்பைக்கூட அதில் தாளித்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.