எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள்

கேள்வி: ஆயக்குடிப் பக்கம் அரை ஏக்கரில் கொய்யா வைத்திருக்கிறேன். மூன்று முறை மருந்து அடித்தும் மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வருகிறது. மரமெல்லாம் எறும்பு வேறு. இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன எறும்புதான் இங்கே முக்கியம்.

மாவுப்பூச்சி குடிக்கும் மரச்சாற்றில் சர்க்கரை அதிகம், சத்து குறைவு. அதனால் நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகக் கழிக்கிறது. எறும்பு உணர்கொம்பால் அதன் முதுகைத் தட்டித் தட்டி அந்தச் சொட்டை வாங்கிக் குடிக்கும். பதிலுக்கு, மந்தையைக் காக்கும் மேய்ப்பனைப் போல, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் அதன் உடம்பில் முட்டையிட வரும் குட்டிக் குளவியையும் விரட்டிவிடும். இலையில் சிந்தும் மிச்சத்தில்தான் கரும்பூசணம் படர்கிறது.

நீங்கள் அடித்த மருந்து மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சில் பட்டு வழிந்துவிடும். பட்டைக்கு அடியில் இருப்பதைத் தொடவே தொடாது. வண்டும் குளவியும்தான் முதலில் சாகும். ஒரு மாதத்தில் பூச்சி திரும்பும், நீங்களும் கடைக்குத் திரும்புவீர்கள். எந்தப் பூச்சி என்று கேட்காமல், இலையைக்கூடப் பார்க்காமல் இரண்டு டப்பாவைக் கலந்து கொடுப்பவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இன்னொன்று. வெள்ளையாக, நூல் நூலாக மெழுகு தொங்கும் பெரிய 'மாவுப்பூச்சி' கண்ணில் பட்டால் நசுக்கிவிடாதீர்கள். ஈர்க்குச்சியால் லேசாகத் தொடுங்கள். விறுவிறுவென்று ஓடினால் அது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது. இதையும் சேர்த்துக் கொல்லச் சொல்லி மருந்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது. மோசமாகப் பிடித்த கிளைகளை வெட்டி எரியுங்கள். அடிமரத்தில் பாலித்தீன் தாளை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது. தரையைத் தொடும் கிளை, மரத்தில் சாய்ந்த களை, முட்டுக்கொம்பு என்று ஒரு பாலம் மிஞ்சினாலும் எறும்பு அதன் வழியே ஏறிவிடும். மீதமுள்ள பூச்சிக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்து நன்றாக நனையும்படி அடியுங்கள். அப்புறம் சில நாள் விட்டு மரத்துக்குப் பத்து பொறிவண்டு.

அந்த வண்டு எங்கே கிடைக்கும் என்பீர்கள். விரிவாக்க மையத்தில் மருந்து டப்பா அடுக்கியிருக்கும், வண்டு கேட்டால் கையை விரிப்பார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது விவசாயிகள் மருந்துக்குக் கொட்டிய பணம் கொஞ்சமா? 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட ஒரு சிறு குளவிதான் அதை அடக்கியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் வண்டு வளர்த்துக் கொடுக்க ஊருக்கு ஊர் ஏற்பாடு இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எல்லா எறும்பும் எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு முசுறைச் சொல்கிறேன். முந்திரியில் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியை அடக்குவது அது. சீனாவில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே ஆரஞ்சு மரங்களுக்காக முசுறுக் கூட்டைச் சந்தையில் விற்றிருக்கிறார்கள். ஆனால் இதுவும் இனிப்புக்காக மாவுப்பூச்சியைப் பேணும். ஆகவே முந்திரியில் கூட்டைக் கலைக்காதீர்கள், மாமரத்தில் அதன் கடியைப் பொறுக்க முடிந்தால் விட்டுவையுங்கள். மாவுப்பூச்சி பிடித்த உங்கள் கொய்யாவில் முசுறாக இருந்தாலும் கிரீஸ் பட்டை போடத்தான் வேண்டும். கூடு மரத்திலேயே இருந்தால் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்திவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பட்டை கட்டியும் பயன் இல்லை.

கிரீஸில் தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்துவிடும். வாரம் ஒருமுறை பார்த்துப் புதிதாகத் தடவுங்கள்.