கேமராவில் கோளாறு இல்லைங்க

திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் எடுத்த ஒரே அன்றில் பறவை ஒரு படத்தில் கருப்பாகவும் அடுத்ததில் பச்சையும் ஊதாவுமாகவும் விழுந்திருக்கிறது, கேமராவைச் சர்வீசுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காசை வீணாக்காதீங்க.

அந்த இறக்கையில் பச்சைச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் என்கிற கருநிறமித் துகள்கள், அவற்றின் மேல் கெரட்டின் என்கிற, நம் நகத்திலும் இருக்கிற புரதத்தால் ஆன மெல்லிய படலம். மழையில் ரோட்டில் சிந்திய ஆயில் மினுக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் சேர்ந்து சில நிறங்களை மட்டும் தூக்கிக் காட்டும். கோணம் மாறினால் நிறமும் மாறும். மாடப்புறாவின் கழுத்திலும் இதைப் பார்க்கலாம். அன்றிலின் கழுத்தில் இருக்கிற செம்பழுப்பு மட்டும் சாயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாது.

அப்புறம், கருப்பு விழுந்த படத்தில் சூரியன் பறவைக்குப் பின்னால் நிற்கிறது. வெயில் உங்கள் முதுகில் விழுகிற கரையாகப் பார்த்து உட்காருங்க.